ஜன்னல் தரகர் உண்மை பேசிய சரித்திரம்

இந்தக் கடலோர நகரத்தில் மனிதர்கள் வாழலாமா என்ற கேள்விக்கு அறிவியல் இன்னும் பதில் சொல்லவில்லை. ஆனாலும் ஜனங்கள் பிடிவாதமாக வாழ்கிறார்கள். வருஷத்தில் பாதி வியர்வை, மீதி மழை. துவைத்த சட்டை கொடியில் கிடந்து, காயாமலேயே பழசாகிவிடும். ஜாடியில் போட்ட உப்பு தண்ணீராகும். ஜன்னல் கம்பியோ உப்புக் காற்றில் பொரிந்து பொடியாகும். குளித்துவிட்டுத் துவட்டுவதற்குள் மறுபடி நனைந்துவிடுவதால், குளியல் எங்கே முடிந்தது, வியர்வை எங்கே தொடங்கியது என்று யாராலும் சொல்ல முடியாது.

இதனாலோ என்னவோ, இங்கே யாருக்கும் யாரையும் பிடிக்காது. துறைமுகத் தெருவின் பழைய ஓட்டு வீட்டுக்காரர்களுக்கு, உப்பங்கழியைத் தூர்த்துக் கட்டிய அடுக்குமாடிக்காரர்களைக் கண்டால் ஆகாது. அடுக்குமாடியிலோ, மேலே இருப்பவர் கொடியில் போட்ட துணி சொட்டுகிறதென்று கீழே இருப்பவர் கறுவிக்கொண்டிருப்பார். எல்லாரும் ஒற்றுமையாக வெறுத்த ஒரே ஆசாமி, வீட்டுத் தரகர் ஜன்னல்.

அது பெற்றவர்கள் வைத்த பெயரல்ல. எந்த வீட்டைக் காட்டினாலும் நேரே போய் ஜன்னலைத் திறந்துவிட்டு, நெஞ்சை நிமிர்த்தி ஒரு மூச்சு இழுப்பார். வந்தவர்களும் இழுப்பார்கள். கடல்காற்று சில்லென்று முகத்தில் அடிக்கும். அந்த மயக்கத்தில் கூரை ஒழுகல் யார் கண்ணிலும் படாது. சூட்சுமம் என்னவென்றால், அவர் வீடு காட்டுவது சாயங்காலத்தில் மட்டுமே. காலையில் காற்று தரைப்பக்கமிருந்து வரும்; வருகிற வழியில் பெரிய சாக்கடையையும் கருவாட்டுக் கிடங்கையும் குசலம் விசாரித்துவிட்டுத்தான் வரும்.

ஒருமுறை ஒரு வங்கிக்கார அம்மாளுக்கு, 'கடல் பார்த்த வீடு' என்று சொல்லி ஒரு பொந்தைத் தள்ளிவிட்டார். குடிபோன மறுநாளே அந்த அம்மாள் சண்டைக்கு வந்துவிட்டாள்.

"எங்கய்யா கடல்? ஜன்னலைத் திறந்தா எதிர்வீட்டுக் கக்கூஸ் சுவருதான் தெரியுது!"

"பாத்த வீடுன்னுதானேம்மா சொன்னேன், பாக்கிற வீடுன்னா சொன்னேன்? அந்தக் கட்டடம் வர்றதுக்கு முன்னாடி நல்லா பாத்துக்கிட்டுதான் இருந்துச்சு."

இலக்கணத்தால் குடும்பம் நடத்திய மனிதர் உலகத்தில் இவர் ஒருவராகத்தான் இருக்க வேண்டும்.

இப்பேர்ப்பட்டவருக்குச் சோதனை மாடியிலிருந்து இறங்கி வந்தது. கல்யாணமான நாள் முதல் ஜன்னலும் அவர் மனைவியும் ஒரு பழைய வீட்டின் கீழ்ப்பகுதியில் குடியிருந்தார்கள். மாடியில் வீட்டுக்காரர், சுங்க இலாகாவில் ஓய்வு பெற்றவர். வாடகையை ஏற்ற மறந்துபோன மகான். ஒருநாள் அவர் படியிறங்கி வந்து, "பொண்ணு வீட்டோட போயிடலாம்னு இருக்கேன்பா. இந்த உப்புக் காத்து முட்டியைத் தின்னுடுச்சு. வீட்டை வித்துக் குடு. உன்னை விட்டா இதை யாருக்கு நல்லாத் தெரியும்?" என்றார்.

மறுத்தால் வேறு தரகரிடம் போய்விடுவார். வாங்குகிறவன் எவனாயிருந்தாலும் முதலில் கீழ்ப்பகுதியைத்தான் காலி செய்யச் சொல்வான். ஜன்னல் பல்லைக் கடித்துக்கொண்டு தலையாட்டினார்.

"என்ன பண்ணப் போறீங்க?" என்றாள் மனைவி.

"விக்கப் போறதில்லை. வர்றவங்ககிட்ட உள்ளதை உள்ளபடி சொல்லி விரட்டப் போறேன்."

"உங்களுக்கு அது வருமா? பழக்கமில்லாத வேலையாச்சே."

வந்தது. அவருக்கே ஆச்சரியமாக இருந்தது. ஆட்களைக் காலையில் வரவழைத்தார். ஜன்னலைத் திறந்தார். வந்தவர்கள் மூக்கைப் பொத்திக்கொண்டே உதிர்ந்த காரையையும், அதற்குள் துருப்பிடித்துப் பல்லிளிக்கும் கம்பியையும் பார்த்தார்கள். மழை பெய்தால் குளியலறை ஓட்டை வழியாகச் சாக்கடை உள்ளே விஜயம் செய்யும் விவரத்தையும் சொல்லக் கேட்டார்கள். செருப்பைக்கூடச் சரியாக மாட்டாமல் ஓடினார்கள்.

"ஊர்ல கோழிக்கூண்டைக்கூட மாளிகைன்னு வித்துடுற. என் வீடு மட்டும் உனக்குக் கசக்குதா?" என்று மாடியிலிருந்து உறுமல் வந்தது.

"காலம் சரியில்லை சார்."

பிறகுதான் பல் டாக்டர் வந்தார். ஆஸ்பத்திரி வைக்கக் கீழ்ப்பகுதி வேண்டுமாம். சுவரை விரல் முட்டியால் தட்டித் தட்டிப் பார்த்தார்.

"சொத்தையா இருக்கே."

"சொத்தைதான் டாக்டர். வேர் வரைக்கும் போயிடுச்சு."

"அடைச்சா?"

"நிக்காது. மொத்தமாப் புடுங்கித்தான் ஆகணும். பாவம், உங்க நாற்காலியெல்லாம் ஒரே மழையில துருப்பிடிச்சுப் போயிடும்."

டாக்டர் ஓடவில்லை. மூக்கில் கைக்குட்டையை வைத்துக்கொண்டு தரகரின் முகத்தையே உற்றுப் பார்த்தார்.

"பேங்க்ல வேலை பாக்கிற என் மச்சினிக்குக் கடல் பாத்த வீடு குடுத்தது நீங்கதானே?"

ஜன்னலுக்குத் தொண்டை வறண்டது. ஈரப்பதம் மிகுந்த அந்த நகரத்தில் எந்தப் பொருளும் வறண்டதாக அதற்குமுன் செய்தி இல்லை.

"அந்தப் பொந்தை அரண்மனைன்னு சொன்ன ஆளு நீங்க. இதைப் பொந்துன்னு சொல்றீங்க. அப்போ இது எப்பேர்ப்பட்ட இடமா இருக்கணும்? நீங்களே அமுக்கிக்கப் பாக்கறீங்களா?"

"ஐயோ, சத்தியமா சொல்றேன் டாக்டர்..."

"சத்தியம் வேறயா! சரிதான், ஏதோ பெரிய விஷயம்தான் இருக்கு."

உண்மை கைவிட்டதும் ஜன்னல் அவசரமாகப் பழைய தொழிலுக்குத் தாவினார். அவர் பொய் சொன்னால் இந்த மனிதன் நிச்சயம் நம்பமாட்டான் அல்லவா? "சரி, ஒத்துக்கறேன். அருமையான வீடு! இரும்பு மாதிரிச் சுவரு. காத்து பிச்சுக்கிட்டு வரும். வாங்கிப் போட்டீங்கன்னா ராஜா மாதிரி இருக்கலாம்!"

"இப்பத்தான்யா வாயிலேர்ந்து உண்மை வருது," என்று டாக்டர் மாடிப்படி ஏறினார். சற்று நேரத்தில் மேலே வீட்டுக்காரரின் சிரிப்புச் சத்தம் கேட்டது. அந்த மனிதர் சிரித்து அந்தத் தெருவில் யாரும் கேட்டதில்லை.

இறங்கி வந்தபோது டாக்டரின் குரலில் வீட்டுக்காரத் தோரணை ஏறியிருந்தது.

"முடிஞ்சுது. எப்ப காலி பண்றீங்க?"

சமையலறைக் கதவு மழையில் ஊதி, பல நாளாகத் திறக்காமல் அடம்பிடித்துக்கொண்டிருந்தது. உள்ளேயிருந்து ஒரே உதையில் அதைத் திறந்துகொண்டு மனைவி வந்தாள்.

"மாசக் கடைசியில பண்ணிடறோம் டாக்டர். துரு, பூஞ்சை, ஒழுகல் எல்லாத்தையும் இங்கயே விட்டுட்டுப் போறோம். வேணும்னா இவரையும் வச்சுக்கோங்க. வாய்தான் கொஞ்சம் கோளாறு. இத்தனை வருஷம் பொய் சொல்லிச் சோறு போட்டுச்சு. நிஜம் பேச ஆரம்பிச்சு ஒரு வாரம் ஆகலை, குடியிருந்த வீட்டைத் தின்னுடுச்சு. புடுங்கறதுன்னா மயக்க ஊசியெல்லாம் போட வேண்டாம்."

டாக்டர் பைக்குள்ளிருந்து அளவு நாடாவை எடுத்தார். நோயாளி நாற்காலி எங்கே, வாய் கொப்பளிக்கும் தொட்டி எங்கே என்று தீர்மானிக்க வேண்டுமாம். ஒரு நுனியைத் தான் பிடித்துக்கொண்டு மறுநுனியை நீட்டினார்.

ஜன்னல் அதை வாங்கிக்கொண்டு, தொழில் பழக்கத்தில், சுவரோரம் போய்க் குனிந்து அழுத்திப் பிடித்தார்.

"கொஞ்சம் தள்ளிப் பிடிங்க," என்றார் டாக்டர். "கட்டில் மறைக்குது."