ஸ்பானிஷிலிருந்து ஸ்பானிஷுக்கு

“இ...து... கோ...ழி” என்று சொல்லிக் கிண்ணத்தை மேசைமேல் வைக்கிறார் எலுவியா அம்மாள். ஐயத்துக்கு இடம் வைக்காமல், முழங்கைகள் இரண்டையும் விலாவில் அடித்து ஒருமுறை கொக்கரித்தும் காட்டுகிறார். எதிரே அமர்ந்திருக்கும் லோர்ன் ஐம்பத்தெட்டு வயதுக் கனடாக்காரர். கோழியை முன்பின் அறியாதவர் அல்லர். ஆயினும் அம்மாளின் வாயையே உற்றுப் பார்த்து, “கோ...ழி” என்று பயபக்தியுடன் திருப்பிச் சொல்கிறார். இருவர் முகத்திலும் பெரிய உடன்படிக்கை ஒன்று கையெழுத்தான நிறைவு.

மேசையின் மறுமுனையில் இருப்பவர் அம்மாளின் கணவர் ரிகோபெர்த்தோ. பேருந்துப் பணிமனையில் இயந்திரம் பழுது பார்ப்பவர். அவருக்கு முன்னாலும் அதே கிண்ணம், அதே சிறகடிப்பு.

“எனக்கு எதுக்குடி கொக்கரிக்கிறே? நான் இந்த ஊர்லயே பொறந்தவன்டி.”

“பழக்கம்யா. சா...ப்...பிடு.”

எரிமலை அடிவாரத்து ஆன்டிகுவா நகரில் தடுக்கி விழுந்தால் ஏதேனும் ஒரு ஸ்பானிஷ் பள்ளியின் வாசலில்தான் விழவேண்டும். வெளிநாட்டார் காலையில் அங்கே ஆசிரியருக்கு நேரெதிரே முழங்கால் இடிபட அமர்ந்து வினைச்சொற்களை மெல்லுவார்கள். மற்ற நேரத்தில் ஒரு குடும்பத்துடன் தங்கி, அவரைப்பருப்பு விழுதையும் சோள அடையையும் மெல்லுவார்கள். மொழி வயிற்றின் வழியாகத்தான் நுழையும் என்பது இவ்வூர்ப் பள்ளிகளின் அசைக்க முடியாத நம்பிக்கை. அம்மாளின் பின்னறையில் நார்வேக்காரர், ஜப்பானியர், ஒஹாயோவின் தேவாலய இளைஞர்கள் எனப் பல நாட்டார் வந்து படுத்து எழுந்து போயிருக்கிறார்கள்.

அவர்களுக்காக அம்மாள் தம் தாய்மொழியை வெட்டிச் சுருக்கி, பத்தியச் சாப்பாடு போல ஆக்கி வைத்திருக்கிறார். முந்நூறு சொற்கள் இருக்கலாம்; ஏனையவை நல்ல மனிதர்களுக்குத் தேவையற்றவை. நேற்று என்பதற்குக் கட்டைவிரலைத் தோளுக்குப் பின்னால் எறிவார். நாளை என்பதற்கு ஆட்காட்டி விரலால் காற்றில் ஒரு பள்ளத்தைத் தாண்டுவார். வெளிநாட்டாரின் காது தலைக்கு வெகு உள்ளே அமைந்திருக்கிறது என்பது அவர் கண்டுபிடிப்பு. எனவே எதையும் உரக்கவே சொல்வார். இந்த நோய் வீட்டோடு நிற்பதுமில்லை. சந்தையில், “தக்...கா...ளி. நா...லு” என்று அவர் கேட்டபோது, காய்காரி பதறிப்போய், “என்னம்மா, வாய் இழுத்துக்கிச்சா? யாரையாச்சும் கூப்பிடவா?” என்று எழுந்துவிட்டாள். பாவமன்னிப்புக் கேட்கும்போதும் இதே முறைதான். தமக்குச் செவி மந்தமாகிவிட்டதாக ஊரில் பேச்சோ என்று பாதிரியார் கவலைப்படுவதாகக் கேள்வி.

பேசுவது ஒரு பங்கு என்றால் புரிந்துகொள்வது மூன்று பங்கு. “நான் ராத்திரி மழை ஜன்னல் ஐயோ” என்று ஒருவர் வந்து நின்றால் போதும். சாரல் அடித்து மெத்தை நனைந்திருப்பதை உணர்ந்து, மாற்றுப் போர்வையுடன் கிளம்பிவிடுவார். குறையைச் சொல்லி முடிப்பதற்குள் தீர்ந்துவிடுகிற வீட்டில் எவர்தான் மொழி கற்பார்? அவருடைய மாணவர்கள் தாம் ஸ்பானிஷில் கரைகண்டுவிட்டதாக நம்பியே விடைபெறுவார்கள். விமான நிலையத்து வாடகைக் காரோட்டி வாயைத் திறக்கும்வரை அந்த நம்பிக்கைக்கு ஊறு நேர்வதில்லை.

அம்மாள் ஏன் இப்படி என்று கேட்பவர்கள், அவர் வீட்டில் ஒருநாள் உட்கார்ந்து பார்க்கலாம். ரிகோபெர்த்தோ கால்பந்தாட்டத்தைப் பார்த்தபடி “ம்” என்பார். ஆட்டம் சூடுபிடித்தால் அதுவும் இல்லை. தலைநகரில் வேலைபார்க்கும் மகள், தாயின் நீண்ட செய்திகளுக்குத் தொலைபேசியில் ஒரு கட்டைவிரல் படத்தைப் பதிலாக அனுப்புவாள். அம்மாள் சொல்லும் ஒவ்வொரு சொல்லையும் நற்செய்தி கேட்பதுபோல் வாய் பார்த்துக் கேட்பவர்கள் பின்னறைக்காரர்கள் மட்டுமே.

அவர்களுள் தலைசிறந்தவர் லோர்ன். ஓய்வுபெற்ற காப்பீட்டு அலுவலர். ஒன்பது மாதம் அம்மாளிடம் பயின்றபின், இவ்வூரிலேயே நிலையாக வாழ்வதென முடிவெடுத்தார். அதற்கு வேண்டியவை எல்லாம் அவரிடம் சேர்ந்திருந்தன: உள்ளூர் ஆண் எவனும் அணியாத உள்ளூர் நெசவுச் சட்டை, தெருவில் கண்டெடுத்த பெரிய நாய், வெண்ணெய்ப்பழங்களின் தரம் பற்றிய உறுதியான கருத்துகள். வீடு ஒன்றுதான் பாக்கி. மூன்று தெரு தள்ளி ஒரு வீடு காலியாக இருந்தது. உரிமையாளர் நெஹெமியாஸ் பேசினால் சூடான சட்டியில் சோளம் பொரிவது போலிருக்கும். லோர்ன் துணைக்கு அம்மாளை அழைத்துச் சென்றார்.

“தண்ணி காலைல மட்டுந்தான் வரும், மோட்டாரப் போட்டு தொட்டிய ரொப்பிக்கணும், மாடில மட்டும் துணி காயப் போட்டுறாதீங்க, பக்கத்து வீட்டுக்காரி தெருவுல நின்னு கத்துவா” என்று பொரித்தார் நெஹெமியாஸ்.

லோர்ன் அம்மாளைப் பார்த்தார்.

“தண்...ணி. கா...லை. மோ...ட்டார்... ர்ர்ர்ர்” என்று உடம்பை உதறிக் காட்டினார் அம்மாள்.

“ஆ! நான் சந்தோஷம். நாய் இருக்கு பெரிய. நாய் நல்லவன்” என்றார் லோர்ன்.

அம்மாள் நெஹெமியாஸ் பக்கம் திரும்பினார். “வீடு ரொம்பப் புடிச்சுப்போச்சாம். நாய் ஒண்ணு வச்சிருக்காரு, சாதுதான், நீங்க ஒண்ணும் சொல்ல மாட்டீங்களேன்னு கேக்குறாரு.”

நெஹெமியாஸ் தலையைச் சொறிந்தார். “இருங்கம்மா. இவரு என்ன பாஷை பேசுறாரு?”

“ஸ்பானிஷ்தான்.”

“நான் பேசுறது?”

“அதுவும் ஸ்பானிஷ்தான்.”

“அப்ப நடுவுல நீங்க என்னத்தம்மா மொழிபெயர்க்குறீங்க?”

இவ்வளவு பொருள் பொதிந்த வினாவை இந்நகரின் எந்தப் பள்ளியும் அதுவரை எழுப்பியதில்லை. நெஹெமியாஸ் அதோடு விடவுமில்லை. “குழா ஒடைஞ்சா இவரு எனக்குப் போன் பண்ணுவாரா, உங்களுக்கா? சனிக்கிழமை அவரே பேசட்டும். முடியலையா, வீடு வேற ஆளுக்கு.”

மாலைக்குள் ஊர் முழுவதும் சிரித்தது. மறுநாள் பள்ளி நிர்வாகி ஒஃபேலியா வந்தார். நாற்காலி கொடுத்தும் அமரவில்லை.

“ஒன்பது மாசம் எங்ககிட்டப் படிச்சவருக்கு மொழிபெயர்ப்பாளரா? என் பள்ளிக்கூடத்து மானமே போச்சு எலுவியாம்மா. சனிக்கிழமை நானும் வர்றேன். நீங்க ஒரு வார்த்தை பேசினாலும் சரி, அவர் கோட்டை விட்டாலும் சரி, இனிமே உங்க வீட்டுக்கு ஒருத்தரையும் அனுப்ப மாட்டேன்.”

லோர்ன் தோற்றால் பின்னறை காலி; வென்றாலும் அவர் மூன்று தெரு தள்ளிப் போய்விடுவார். அம்மாளுக்கு வாய்த்த நற்பேறு அப்படி.

அன்று முதல் அவர் இயல்பான வேகத்தில் பேச முயன்றார். இரண்டாவது வாக்கியத்திலேயே சிறகடிக்கத் தொடங்கிவிட்டார். வேறு வழியின்றி மேசைப் பேச்சு ரிகோபெர்த்தோவின் பொறுப்பாயிற்று. அவர் வாய் நிறைய அடையை வைத்துக்கொண்டு, பேருந்தின் பல்சக்கரப் பெட்டியைப் பற்றியும் நடுவர்களின் பிறப்பு பற்றியும் விரிவுரையாற்றினார். லோர்ன் உப்பு கேட்டு இருமுறை எலுமிச்சையும் ஒருமுறை திருப்புளியும் பெற்றார். அம்மாள் அடுப்படியில் நின்று, கையில் உப்புக் கிண்ணத்துடன் உதட்டைக் கடித்துக்கொண்டிருந்தார்.

“பாவம்யா அவரு.”

“நீ சும்மா இருடி. நீச்சலடிக்கவுடாம இடுப்புலயே தூக்கி வச்சிருந்தவ நீதான்.”

சனிக்கிழமை அந்தக் காலி வீட்டின் வாயிற்கதவருகே ஒஃபேலியாவும் அம்மாளும் நின்றார்கள். தம்மைத் தாமே நம்பாத அம்மாள், எதற்கும் இருக்கட்டுமென்று இடக்கையால் வாயை இறுகப் பொத்தியிருந்தார். நெஹெமியாஸ் பொரியத் தொடங்கினார்: தண்ணீர், மோட்டார், மாடி, பக்கத்து வீட்டுக்காரி. வழக்கப்படி லோர்ன் திரும்பி அம்மாளைப் பார்த்தார். அம்மாள் கையை எடுக்காமல், கூரைகளுக்கு மேலே தெரிந்த எரிமலையைப் பார்த்தார்.

லோர்ன் மீண்டும் நெஹெமியாஸிடம் திரும்பினார். “மன்னிக்கணும். எனக்குப் புரியலை. மெதுவாச் சொல்லுங்க.”

வந்த முதல் வாரமே எந்த மாணவனும் கற்றுவிடும் வாக்கியம் அது. அம்மாளின் வீட்டில் அது அவருக்கு ஒருநாளும் தேவைப்பட்டதில்லை.

நெஹெமியாஸ் மெதுவாகச் சொன்னார். புரியவில்லை. இன்னும் மெதுவாக, இன்னும் உரக்கச் சொன்னார். பிறகு கையும் சேர்ந்துகொண்டது. சற்று நேரத்தில், பேச்சில் ஊரையே விரட்டும் அந்த மனிதர், “மோ...ட்டார்! ர்ர்ர்ர்!” என்று முற்றத்தில் தோளைக் குலுக்கிக்கொண்டிருந்தார்.

“ர்ர்ர்! சரி. ஆனா துணி... மாடி... ஏன் கூடாது? வாடகை நான் குடுக்குறது. மாடியும் எனக்கு!”

“அட, மனுசனுக்கு வாயப் பாரேன்!” என்று நெஹெமியாஸ் சிரித்தார். “அவ பொ...ல்...லா...த...வ. ஊ...ரே... ப...ய...ப்...படும்.”

“பொல்லாதவ” என்றார் லோர்ன், நெஹெமியாஸின் வாயையே உற்றுப் பார்த்தபடி.

“ஜெயிச்சிட்டீங்க, எலுவியாம்மா” என்று ஒஃபேலியா கிசுகிசுத்தார்.

முற்றத்தில் பேச்சு நாய்க்குத் தாவி, நாயிலிருந்து குப்பை வண்டிக்குப் போயிற்று. லோர்ன் வாயிற்பக்கம் திரும்பவே இல்லை. எலுவியா அம்மாள் வாயைப் பொத்தியிருந்த கையை மெல்ல எடுத்து, சால்வைக்குள் வைத்துக்கொண்டார்.