பூசணமும் ஒரு பொட்டைக் கோழியும்

உலகச் சண்டைக் காலத்துல, விழுப்புரம் ரயில்வே காலனியில எங்களுக்கு அடுத்த வீடு எஞ்சின் டிரைவருது. சட்டைக்காரங்க, அதான் ஆங்கிலோ இந்தியங்க. டிரைவர் சம்சாரத்தை நாங்க துரைசானின்னு கூப்பிடுவோம். தமிழ்ல எங்களைவிட நல்லாத் திட்டும் அந்த அம்மா. ஒரு கார்த்திகையில சுவருக்கு மேல எட்டி, ஒரு பொட்டலம் விதையை நீட்டுச்சு.

"பொங்கல் கழிச்சு என் பொண்ணுக்குக் கல்யாணம். விருந்துக்கு சாலட் வேணும். சண்டையில பெங்களூர்லேர்ந்து காய்கறிக் கூடை வர்றதில்ல. உன் கையால போடு."

சாலட்டுன்னா பச்சையாவே தின்ற கீரையாம். "ஆடு கணக்காவா?"ன்னு கேட்டுட்டு என் வீட்டுக்காரர் டூட்டிக்குப் போயிட்டார்.

என்னை ஏன் கேட்டுச்சுன்னா, எனக்குக் கைராசின்னு பேரு. பிள்ளை இல்லாதவ நான். வளைகாப்புன்னா என் வாசலை மட்டும் தாண்டிப் போவாங்க. ஆனா முருங்கைக் கொம்பு நடணும், அவரை விதை போடணும்னா, "நீ வந்து கை வைம்மா"ன்னு அதே பொம்பளைங்க வந்து நிப்பாங்க. காலனியில எனக்கு இருந்த மரியாதை அது ஒண்ணுதான். அதைக் கெடுத்துக்க முடியுமா?

எங்க வீட்டுக் கொல்லையில பாத்தி கட்டி, விதையை நெருக்கித் தூவினேன். தளதளன்னு வந்துது. சாயங்காலமானா குழந்தையைக் குளிப்பாட்டுறாப்ல தலையோட தண்ணி ஊத்துவேன். பூச்சி அண்டாம இருக்க அடுப்புச் சாம்பலை மேலே தூவுவேன். மார்கழிப் பனி இறங்குச்சு. இலையெல்லாம் வெள்ளையா இருந்துது. சாம்பல்தானேன்னு இன்னும் ரெண்டு கை போட்டேன். புத்திசாலி!

ஒருநாள் ஒரு இலையைக் கிள்ளிக் கழுவினேன். மேலே இருந்த சாம்பல் போச்சு. அடியில இருந்த வெள்ளை போகல. பஞ்சு மாதிரி பூசணம், மேல்பக்கம் மஞ்சத் திட்டு. "யாரோ கண்ணு வெச்சுட்டாங்க"ன்னு பூசணிக்காய் சுத்தி உடைச்சேன். "பூசணத்துக்குப் பூசணிக்காயா? பலே!"ன்னாரு வீட்டுக்காரர்.

இந்தப் பேஜார்ல துரைசானியோட பொட்டைக் கோழி வேற சுவர் தாண்டி வந்து, பாத்தி ஓரத்தைக் கொத்தித் தின்னுட்டுது. "உன்னைக் குழம்பு வெக்க!"ன்னு வெளக்குமாத்தை எடுத்துக்கினு தொரத்தினேன். ஓரத்துல எத்தனை மிச்சம்னு குனிஞ்சு பார்த்தா, அடப்பாவி! கோழி விட்டுவெச்ச செடிங்க மட்டும் சுத்தமா நிக்குது. பக்கத்துல செடி இல்ல, காத்து பூந்து வருது, இலை காஞ்சு கெடக்குது. நடுவுல நான் பொத்திப் பொத்தி வளர்த்ததுங்கதான் நெருக்கியடிச்சு, ஈரத்துல அழுவிக்கினு இருக்குது.

அப்புறம் நானே கோழியானேன். பாதிச் செடிக்கு மேல பிடுங்கி அடுப்புல போட்டேன். பிடுங்கப் பிடுங்க எனக்கு அழுகையா வந்துது. சாயங்காலத் தண்ணியை நிறுத்திட்டு, காலையில வேர்ல மட்டும் ஊத்தினேன். துரைசானி எல்லாத்தையும் சுவர் மேல இருந்து பார்த்துக்கினுதான் இருந்துச்சு.

மிச்சம் தேறுச்சு. விருந்துல தட்டுக்கு ரெண்டு இலை வந்துது. ஆனா என் கை பட்ட செடி பூசணம் பிடிச்ச விஷயம் காலனிப் பொம்பளைங்களுக்குத் தெரிஞ்சுபோச்சு. அந்த வருஷம் ஒருத்தியும் விதை போட என்னைக் கூப்பிடல.

மறு வருஷம் துரைசானி பொண்ணு தாய்வீட்ல பெத்துச்சு. வாசல்ல காலனியே நிக்குது. பொறந்த குழந்தை நாக்குல முதல்ல சர்க்கரைத் தண்ணி தொட்டு வைக்கிறதை நாங்க சேனைன்னு சொல்லுவோம்; ராசியான கையாப் பார்த்துத்தான் வைக்கச் சொல்லுவாங்க. துரைசானி அத்தனை பேரையும் விலக்கிக்கினு வந்து கிண்ணத்தை என்கிட்ட நீட்டுச்சு.

"நானா? உங்க சாலட்ல பாதியைக் கொன்ன கைம்மா இது!"

"பாதியைக் காப்பாத்துச்சே. ஜல்தி வை, புள்ள அழுவுது."

விரலை வெச்சேன். அது விடாம சப்புச்சு. எனக்குக் கண்ணு ரொம்பி ஒண்ணும் தெரியல. வீட்டுக்கு வந்ததும், கிறிஸ்துமஸுக்குக்கூட அடிக்காம விடச் சொல்லி துரைசானிகிட்ட நான் கெஞ்சி வெச்சிருந்த அந்தக் கோழியைக் கூப்பிட்டு, ரெண்டு கை நெறைய கேப்பை போட்டேன்.