பட்டினி கிடக்க வேண்டிய கரப்பான்பூச்சி

அந்த குளோரோஃபார்ம் வாடை... இப்ப நினைச்சாலும் இனிப்பா மூக்குல ஏறுது. கூடவே எரிச்சலும் ஏறுது.

அறுபதுகளோட நடுவுல நான் பி.யு.சி., பள்ளிக்கூடம் முடிஞ்சு காலேஜ்ல மொத வருசம். வீடு தென்காசி, காலேஜ் குத்தாலத்துல. ஜுவாலஜி ப்ராக்டிகல் பரீட்சைக்குக் கரப்பான்பூச்சிய நாமளே பிடிச்சுக் கொண்டு போகணும். மத்த நாளெல்லாம் அடுப்படியில கூட்டம் போட்டுத் திரியுத பயலுவ, பரீட்சைன்னதும் ஒருத்தனைக் காணோம்! விளக்குமாறும் கையுமா அலைஞ்சு, கடைசில அரிசிப்பானைக்குப் பின்னால ஒண்ணு சிக்கிச்சு. பாட்டில்ல போட்டு, ஓட்டை போட்ட பேப்பரை மேல கட்டி வச்சேன்.

ஜுவாலஜி மேடம் படிச்சுப் படிச்சு சொல்லியிருந்தாங்க. ரெண்டு நாள் பட்டினி போடணும். இல்லேன்னா தின்னதெல்லாம் கிராப்ங்கிற தீனிப்பையில தேங்கி, பை உப்பிக்கிடும். கத்திரி லேசா பட்டாலே கிழிஞ்சிரும்.

இதைப் போய் அம்மாகிட்ட சொன்னேன் பாருங்க...

"ஏட்டி, சாகப்போற சீவனைப் பட்டினி போடலாமா? பாவம்லா?"

"எம்மா, ஒரு பருக்கை போடக்கூடாது. போட்டா நான் ஃபெயிலு. ஃபெயிலானா அப்பா என்ன செய்வாங்கன்னு தெரியும்லா?"

நல்லாத் தெரியும். செங்கோட்டையில ஒரு மாப்பிள்ளையைப் பேசியே வச்சிருந்தாங்க. ஒரு பாடத்துல போனாலும் படிப்புக்கு முழுக்கு. எனக்கோ பி.எஸ்ஸி. படிச்சே ஆகணும்.

"சரிட்டி, சரிட்டி"ன்னுட்டு அம்மா உள்ள போயிட்டா.

பரீட்சையன்னிக்குக் காலையில கேசரி. பரீட்சைக்குப் போற பிள்ளை இனிப்பு சாப்பிட்டுத்தான் போகணும்னு அம்மா வச்ச சட்டம். அந்தக் காலத்துக் கேசரிப் பவுடர் வேற... தொட்ட விரல் மறுநாளும் சிவப்பாவே இருக்கும். தின்னுட்டு, பாட்டிலைத் தூக்கிக்கிட்டு பஸ்ஸுக்கு ஓடினேன்.

லேப்ல பூச்சியை குளோரோஃபார்ம் போட்டுக் கொன்னு, மெழுகுத் தட்டுல குத்தி, தண்ணி ஊத்தி, முதுகுத் தகடுகளை ஒவ்வொண்ணா எடுத்தேன். உள்ள வெள்ளை வெளேர்னு கொழுப்பு. அதை ஒதுக்கினா, வெள்ளிக் கம்பியாட்டம் மினுக்குத மூச்சுக்குழாய்ங்க. அதுவரைக்கும் எல்லாம் ஒழுங்கு. அடுத்தது தீனிப்பை... பலூன் கணக்கா உப்பியிருந்துச்சு. பட்டினி கிடந்த பூச்சிக்கு இப்படியான்னு யோசிக்கும்போதே கத்திரி பட்டுருச்சு.

தட்டு பூரா சிவப்பு!

லென்ஸை வச்சுப் பாத்தேன். ரவை. நல்லா வெந்த ரவை... எனக்கு அப்படியே பத்திக்கிட்டு வந்துச்சு.

எக்ஸாமினர் வெளியூர்க்காரர், சிரிக்கவே தெரியாத முகம். நேரா எங்கிட்ட வந்து நின்னாரு.

"என்னம்மா இது? கரப்பான்பூச்சிக்கு ரத்தம் சிவப்பா?"

"இல்ல சார். அதுக்கு நிறமே கிடையாது. நம்ம ரத்தம் காத்தைச் சுமக்கு, அதான் சிவப்பு. இது உடம்பு ரெண்டு பக்கமும் இருக்க ஓட்டை வழியா மூச்சு விடுது. குழாயே காத்தை எல்லா எடத்துக்கும் நேரா கொண்டு போயிருது. ரத்தத்துக்கு அந்த வேலை இல்ல சார்."

"அப்போ இந்தச் சிவப்பு?"

"கேசரி சார்... எங்கம்மா..."

அழுகை முட்டிக்கிட்டு வந்துச்சு. அவர் குனிஞ்சு தட்டைப் பாத்தாரு. "தண்ணியை மாத்திட்டு, மிச்சத்தையாவது கிழியாம எடுத்துக் காட்டு"ன்னுட்டுப் போயிட்டாரு.

தண்ணியை மாத்தி, மிச்சத்தை எடுத்துக் காட்டினேன். கிஸர்டுன்னு ஒரு அரைவைப்பை இருக்கும், உள்ள பல்லு முளைச்சது. அந்தப் பல்லிடுக்குலயும் ஒரு ரவை! பாஸ்தான்... மயிரிழையில.

வீட்டுக்கு வந்து ஆடித் தீத்துட்டேன். "உன்னால என் படிப்பே போகப் பாத்துச்சு!"

அம்மா அசரவே இல்ல. "நீ பாட்டுக்குப் படிக்கப் போயிருத. பாட்டில்ல அது மீசைய ஆட்டிக்கிட்டே கிடக்கத நான்லா பாத்துக்கிட்டு இருக்கேன். உன்னை வெறும் வயித்தோட அனுப்புவேனா? அது மட்டும் என்ன..."

ரெண்டு நாள் மூஞ்சியைத் தூக்கி வச்சுக்கிட்டுத் திரிஞ்சேன்.

இப்ப எம் பேத்தி கம்ப்யூட்டர்லயே பூச்சியை அறுக்கா. பை கிழிஞ்சா ஒரு பட்டனைத் தட்டுதா, திரும்ப முழுசாயிருது. அவளுக்கு அந்த எரிச்சலே இல்ல.

போன மாசம் எனக்கு வயித்துக்குள்ள டியூப் விட்டுப் பாக்கணும்னாங்க. ராத்திரியிலருந்து பச்சத்தண்ணி கூடாதுன்னு உத்தரவு. மக அதை அப்படியே கடைப்பிடிச்சா. ஒரு வாய் காப்பி கேட்டதுக்கு, "ரூல்ஸ்னா ரூல்ஸ்ம்மா"ங்கா. எல்லாம் சரிதான், தப்பே சொல்ல முடியாது...

அம்மா இருந்திருந்தா நர்சுக்குத் தெரியாம முந்தானைக்குள்ள எதையாவது மறைச்சுக் கொண்டாந்திருப்பா. டெஸ்ட்டே கெட்டுப் போயிருக்கும். நானும் ஆஸ்பத்திரியே அதிரக் கத்தியிருப்பேன்.

கத்துறதுக்கு ஆளு இல்ல. பொலபொலன்னு கண்ணுல தண்ணி வந்துருச்சு.

நர்சுப் பிள்ளை கையைப் பிடிச்சுக்கிட்டு, "பயப்படாதீங்க பாட்டி"ன்னுச்சு.

"பயமில்லம்மா... பசிக்கு"ன்னேன்.