காலில் விழும் வியாதி

சாமியாரின் ஆசிரமத்தில் எங்களுக்கு ஒரு சட்டம் இருந்தது. யார் திட்டினாலும் அடித்தாலும் உடனே குனிந்து அவர்கள் காலைத் தொட வேண்டும். நம் அகந்தையை உடைக்கிற உபகாரத்துக்கு நன்றியாம். நான் பதினேழு வயதில் அங்கே போனவள். சில வருஷங்களில் இடுப்பு தானாகவே மடங்கப் பழகிவிட்டது. ஒருநாள் அங்கிருந்து ஓடிவந்தேன். அந்தப் பழக்கமும் என்னோடு உத்திரமேரூர் பஸ் ஏறி வந்துவிட்டது.

வீட்டில் அண்ணனும் அண்ணியும்தான் இருந்தார்கள். அம்மா செத்ததைச் சொல்லி அனுப்பியும் ஆசிரமத்தில் என்னிடம் யாரும் சொல்லவில்லை. வந்த வாரமே, பால் பொங்கி வழிந்ததற்கு அண்ணி திட்டினாள். குனிந்து அவள் காலைத் தொட்டேன். முதலில் பயந்து பின்வாங்கினாள். மறுநாள் வேண்டுமென்றே திட்டிப் பார்த்தாள். அப்புறம் அவளுக்கு அது பிடித்துப்போயிற்று.

குட்டக் குட்டக் குனிகிறவனும் முட்டாள், குனியக் குனியக் குட்டுகிறவனும் முட்டாள் என்பார்கள். பின்பாதி பச்சைப் பொய். அண்ணி ஒன்றும் முட்டாள் இல்லை. சாணி வாருவதிலிருந்து அவள் உள்பாவாடை துவைப்பது வரை எல்லாம் என் தலையில் விழுந்தது. முடியாது என்று வாயெடுத்தால் ஒரு வசவு போதும், குனிந்துவிடுவேன். மாட்டுக்கொட்டகையில் என் இடுப்பை நானே கிள்ளிக்கொண்டு அழுதிருக்கிறேன். நிமிர்ந்து நிற்க வேண்டும், அது ஒன்றுதான் எனக்கு வேண்டியிருந்தது.

ஒருநாள் தெருமுனை அடிபம்பில் தண்ணீர் பிடிக்கும்போது அண்ணி வேடிக்கை காட்டினாள். "பாருங்கக்கா, இவளுக்குக் கால்ல வுளுற வியாதி கீது" என்று அங்கிருந்த பெண்களிடம் சொல்லிவிட்டு என் பக்கம் திரும்பினாள்.

"இன்னாடி மொறைக்கிற, தண்டச்சோறு?"

குனிந்தேன். எல்லோரும் சிரித்தார்கள். கை அவள் காலைத் தொட்டது. இந்த முறை விடவில்லை. கணுக்காலை இறுகப் பிடித்து இழுத்தேன். மல்லாந்து விழுந்தாள். அவள் மண்டை சிமெண்டு மேடையில் மோதியது எனக்குக் கேட்டது. ரத்தம் வந்தது. பொய் சொல்வானேன், எனக்குச் சந்தோஷமாக இருந்தது.

யாரோ போய்ச் சொல்ல, அண்ணன் வயலிலிருந்து ஓடிவந்தான். ஒரு வார்த்தை கேட்காமல் என்னை அறைந்தான். இடுப்பு மடங்கப் பார்த்தது. பம்பின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டேன். அண்ணி காலில் விழுந்து மன்னிப்புக் கேட்கச் சொல்லி மறுபடியும் அறைந்தான்.

"வுளமாட்டேண்ணே. அடிக்கறதுன்னா அடிச்சிக்கோ."

அடித்தான். அவன் கை ஓயும்வரை நின்றுகொண்டே வாங்கினேன்.