ஐஸ் பெட்டி தூக்கிய அம்மா

ஒரு செவ்வாய்க்கிழமை, திருவொற்றியூரில் பேருந்து ஏறிய மீன்காரப் பெண் என் பக்கத்தில் உட்கார்ந்தார். மடியில் ஏழு வயது மகள். பார்த்தால் நான்கு வயதுதான் சொல்லலாம். அவளுடைய காலைச் சாணால் அளந்துகொண்டே வந்தார்.

"வளர்ச்சி ஹார்மோன் கம்மியாம் சார். ஊசி போடப் போய்கினு கீறோம். வயித்துல இருக்கசொல்ல ஐஸ் பொட்டி தூக்கினேன், அதான்."

"பிறந்தப்போ எடை எவ்வளவும்மா?"

"மூணு கிலோ."

"அப்போ உங்க மேல தப்பே இல்ல. வயித்துக்குள்ள வளர அந்த ஹார்மோன் பெரிசா வேணாம். உங்க சாப்பாடு நஞ்சுக்கொடி வழியாப் போய் வளர்த்துச்சு. பிறந்த பிறகுதான் அந்த ஹார்மோன் வேணும்."

"நெசமாவா?" மகளை வயிற்றோடு இறுக்கிக்கொண்டார். "அப்போ இன்னும் கொஞ்ச நாள் உள்ளயே வச்சினு இருந்திருப்பேனே!"

ராயபுரத்தில் இறங்கிப் போனார். நாட்குறிப்பில் அன்றைய தேதிக்குக் கீழே அவர் கடைசியாகச் சொன்னதை மட்டும் எழுதினேன். என் விளக்கத்தை எழுதத் தோன்றவில்லை.