சுந்தராம்பாளின் ஒட்டுக் கத்திரி

ராஜகிரி மலைக்கு மேற்கே, ஏரிக்கரையை ஒட்டி முக்கால் ஏக்கர் தோட்டம் வைத்திருந்தாள் சுந்தராம்பாள். செஞ்சி சந்தையில் அவளிடம் பேரம் பேசத் துணிந்தவர்கள் குறைவு. ஒருமுறை ஒரு பெரிய அதிகாரி வீட்டுச் சமையல்காரர் கத்திரிக்காயை அமுக்கி அமுக்கிப் பார்த்ததற்கு, "காய் வாங்க வந்தியா, பொண்ணு பாக்க வந்தியா?" என்று கேட்டு விரட்டிவிட்டாள். அவள் புருஷன் தாண்டவராயன் வாயைத் திறப்பது சாப்பிடவும் கொட்டாவி விடவும்தான். வீட்டுக்கு வேண்டிய பேச்சு முழுவதையும் அவளே பேசிவிடுவதால், அவருக்கு மிச்சம் எதுவும் இருக்கவில்லை.

தோட்டத்தில் விளைந்தது முள்ளுக்கத்திரி. காம்பில் முள், இலையில் முள், பறிக்கிறவள் விரலில் ரத்தம். ஆனால் குழம்பில் போட்டால் வெண்ணெயாகக் கரையும். காய்ப்பதற்குத்தான் அதற்கு மனசு வரவேண்டும். பல நாள் சந்தைக்குப் பாதிக் கூடையோடு போய் நிற்பாள்.

எண்பத்தாறாம் வருஷம் ஆடி மாசம், கடைத்தெருவில் விதைக்கடை வைத்திருந்த ஜான் பாஷா அவளைக் கூப்பிட்டு, தீப்பெட்டி அளவில் ஒரு பொட்டலத்தைக் காட்டினார்.

"யக்கா, ஐப்ரிட் கத்திரி. ரெண்டு ரகத்தைக் கலந்து எடுத்த விதை. இதுக்கு அப்பன் ஒரு ஜாதி, ஆத்தா ஒரு ஜாதி."

"அப்படியா? எந்த ஊர்லேர்ந்து ஓடியாந்து கல்யாணம் பண்ணிக்கிச்சிங்க?"

"சிரிக்காதக்கா. உன் முள்ளுக்கத்திரி அஞ்சு செடியில காய்க்கிறதை இது ஒரே செடியில காய்க்கும். ஒண்ணு மட்டும் ஞாபகம் வச்சுக்கோ. இதுலேர்ந்து விதை எடுக்கக் கூடாது. வருஷா வருஷம் புதுசாத்தான் வாங்கணும்."

"எடுத்தா இன்னா ஆவும்? போலீஸ் வருமா?"

"போலீஸ் வராது. இன்னா மொளைக்கும்னு அல்லாவுக்குத்தான் தெரியும்."

வாங்கிவந்த வேகத்தில் முள்ளுக்கத்திரி முழுவதையும் பிடுங்கி எரித்தாள். விதைக்கென்று ஒரு காயைக்கூட விட்டுவைக்கவில்லை. இத்தனை வருஷம் விரலைக் குத்தியதற்கு அதுதான் தண்டனை என்று நினைத்தாள்.

ஜான் பாஷா சொன்னது பொய்யில்லை. அச்சில் வார்த்ததுபோல ஒரே அளவில், எண்ணெய் தடவிய ஊதா நிறத்தில் காய்த்துத் தள்ளியது. ஓட்டை வீட்டுக்கு ஓடு மாற்றினாள். விவசாய ஆபீஸிலிருந்து ஜீப்பில் வந்தவர், கத்திரிச் செடியோடு தன்னைப் போட்டோ எடுத்துக்கொண்டு போனார். செடியை வளர்த்தவளைப் போட்டோவில் சேர்க்கவேண்டும் என்று அவருக்குத் தோன்றவில்லை.

முதல் குறை வந்தது தாண்டவராயனிடமிருந்து. ஒருநாள் குழம்பைப் பிசைந்தவர், "சப்புன்னு இருக்குது" என்றார்.

சுந்தராம்பாளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. இருபத்திரண்டு வருஷத்தில் அவள் சமையலைப் பற்றி அவர் சொன்ன முதல் வார்த்தை அது. அவளுக்கும் தெரியாமல் இல்லை. புளியை இரண்டு பங்காக்கிச் சமாளித்துக்கொண்டுதான் இருந்தாள்.

அடுத்தது புழு. மனுஷருக்குச் சப்பென்றிருந்த காய் புழுவுக்குத் தேனாக இருந்தது. வாரம் இரண்டு முறை மருந்தடிக்க வேண்டியிருந்தது. வெறும் முகத்தோடு மருந்தடித்த தாண்டவராயன் ஒருநாள் வரப்பில் வாந்தியெடுத்து விழுந்தார். வண்டி கட்டி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனாள். வழியெல்லாம் "பேசுய்யா, ஏதாச்சும் பேசுய்யா" என்று அவள் அழுதது அவளைத் தெரிந்தவர்கள் யாரும் பார்த்திராத காட்சி. இரண்டு நாளில் எழுந்து உட்கார்ந்தார். அதன்பிறகு அவர் மூக்கிலும் வாயிலும் துணியைக் கட்டாமல் மருந்து டப்பாவைத் தொடவிடவில்லை. மருந்தடித்து நாலு நாள் போகாமல் காய் பறிக்கவும் மாட்டாள்.

இதற்குள் சந்தையில் ஒரு புரளி கிளம்பியது. இது ஊசி போட்டு வளர்த்த கத்திரிக்காய், தின்றால் ஆம்பளைகளுக்கு ஆம்பளைத்தனம் போய்விடும் என்று. அன்றைக்குக் கூடை அப்படியே கிடந்தது. சுந்தராம்பாள் இடுப்பில் கைவைத்து எழுந்து நின்றாள்.

"என் வூட்டுக்காரரு மூணு மாசமா இதைத்தான் துன்றாரு. யாருக்கு சந்தேகமோ வந்து கேளுங்க. அவரு வாயைத் திறக்கமாட்டாரு, நான் சொல்றேன்!"

சந்தையே சிரித்தது. கூடை அரை மணியில் காலி.

அந்தத் தைரியம்தான் அவளைக் கெடுத்தது. மறுவருஷம் பொட்டலத்துக்கு ஏன் காசழ வேண்டும் என்று, நல்ல காயாகப் பார்த்துப் பழுக்கவிட்டு விதை எடுத்தாள். நாற்று அமோகமாக வந்தது. அக்கம்பக்கத்தில் மூன்று பேருக்கும் கொடுத்தாள். "என்னை நம்பி நடுங்க" என்றாள். நட்டார்கள்.

காய்ப்பு தொடங்கியதும், பக்கத்துத் தோட்டத்து மெஹர் பானு ஒரு கூடையைக் கொண்டுவந்து வாசலில் கவிழ்த்தாள். கோலிக்குண்டு அளவில் ஒன்று, புடலங்காய் நீளத்தில் ஒன்று, வெள்ளை, பச்சை வரி போட்டது, கசப்பது, காம்பில் முள்ளோடு ஒன்று. எதுவும் எதோடும் சேரவில்லை.

"யக்கா, நீ குடுத்தது கத்திரி நாத்தா, இல்ல திருவிழாக் கூட்டமா?"

சுந்தராம்பாள் குனிந்து ஒவ்வொன்றாகப் பொறுக்கிக் கூடையில் போட்டாள். தன் தோட்டத்திலும் அதே கூத்துதான். சந்தைக்கு ஒரே மாதிரியாக அரைக் கூடை காய் தேறவில்லை. ஜான் பாஷாவிடம் போனாள்.

"கலந்து வச்ச ரெண்டும் அடுத்த தலைமுறையில பிரிஞ்சு, ஆளுக்கொரு பக்கம் போயிடும்க்கா. அன்னைக்கே சொன்னேன்."

"காதுல வுழற மாதிரி சொல்லக்கூடாதா, பாய்?" என்றாள். கோபம் யார்மேல் என்று அவளுக்கே தெரிந்திருந்தது.

முள்ளுக்கத்திரிக்கே திரும்பலாம் என்றால் விதை இல்லை. ஊரில் எல்லாரும் அவளைப் பார்த்துப் பிடுங்கிவிட்டிருந்தார்கள். மிச்சம் வைத்திருந்தது ஒரே ஒருத்தி, அவள் ஓரகத்தி கமலாம்பாள். புதுசாக எது வந்தாலும் நம்பாதவள். வரப்புத் தகராறில் இரண்டு பேருக்கும் ஆறு வருஷமாகப் பேச்சில்லை.

மூன்று நாள் யோசித்துவிட்டு, நாலாம் நாள் காலை சுந்தராம்பாள் அவள் வீட்டுப் பின்கட்டில் போய் நின்றாள். மாட்டுக்குத் தண்ணி காட்டிக்கொண்டிருந்த கமலாம்பாள் நிமிரவில்லை.

"அக்கா."

"யாரு அது? எங்கியோ கேட்ட குரலா இருக்குது."

"முள்ளுக்கத்திரி விதை கொஞ்சம் வேணும்."

"எரிச்சியாமே. பொகை இங்க வரைக்கும் வந்துச்சு."

"ஆமா, எரிச்சேன். புத்தி கெட்டுப்போய் எரிச்சேன்." சொல்லிவிட்டு, அவள் முகத்தைப் பார்க்காமல் மாட்டைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

கமலாம்பாள் வேலியோரம் போய், மஞ்சளாகப் பழுத்துத் தொங்கிய இரண்டு காயைப் பறித்துவந்து அவள் முந்தானையில் போட்டாள். பிறகு குரலைத் தாழ்த்தினாள்.

"அந்தப் பாய் கடையிலேர்ந்து எனக்கு ஒரு ஐப்ரிட் பொட்டலம் வாங்கியாந்து குடு. நான் போய்க் கேட்டா ஊரே சிரிக்கும்."

சுந்தராம்பாள் சிரிக்காமலிருக்க உதட்டைக் கடித்துக்கொண்டாள். மறுநாளே வாங்கிக்கொடுத்தாள். பேச்சு வந்துவிட்டது, வரப்பு மட்டும் இருந்த இடத்திலேயே இருந்தது.

அடுத்த பட்டத்தில், ஏமாந்த மூன்று வீட்டுக்கும் கடை விதையில் நாற்று விட்டு, கூலி கேட்காமல் அவளே நட்டுக்கொடுத்தாள். தன் தோட்டத்தில் அரை ஏக்கர் சந்தைக்கென்று ஐப்ரிட், மிச்சம் முள்ளுக்கத்திரி. இரண்டையும் திட்டிக்கொண்டே பறித்தாள்.

மெஹர் பானு மட்டும், கவிழ்த்துக் கொட்டிய கூத்திலிருந்து பச்சை வரிக் காய் ஒன்றைப் பிடித்துக்கொண்டாள். கல்யாண வீடுகளுக்குப் பிரியாணி ஆக்கும் அவள் புருஷன் கரீம், பச்சடிக்கு அது குழையாமல் நிற்கிறது என்று சொல்லியிருந்தார். ஒவ்வொரு பட்டத்திலும் வரி விழுந்த காயுள்ள செடியிலிருந்து மட்டும் விதை எடுத்தாள். முதல் வருஷம் பாதிச் செடி ஏமாற்றியது. அடுத்த வருஷம் கொஞ்சம் குறைந்தது. தொண்ணூறு பிறப்பதற்குள் அவள் தோட்டத்தில் பெரும்பாலும் வரிக் காயாகவே காய்த்தது. வந்து பார்த்த சுந்தராம்பாள் ஒரு காயைக் கடித்தாள், மென்றாள், இன்னொன்றையும் பறித்து மடியில் கட்டிக்கொண்டாள்.

"சுமாரா இருக்குது" என்றாள். "பழுத்ததா ரெண்டு காய் குடு, விதைக்கு."