நாடாவின் மறுமுனை

என் வீட்டுக்காரருக்கு வனத்துறையில் மரம் அளக்கும் வேலை. நெஞ்சு உயரத்தில் மரத்தைச் சுற்றி நாடா பிடித்து, அந்தச் சுற்றளவை வைத்து, ஒரு மலைச்சரிவு எவ்வளவு கார்பனைக் காற்றிலிருந்து இழுத்துச் சேர்த்து வைத்திருக்கிறது என்று கணக்குச் சொல்வார். என் தங்கை வீட்டுக்காரருக்கும் அதே துறைதான், வேலைதான் நேர் எதிர். அவரும் ஆட்களும் குட்டி மரங்களையும் புதரையும் வெட்டுவார்கள். ஈரம் இருக்கும் நாட்களில் சருகைக் கூட்டிக் கொளுத்துவார்கள். கோடையில் காட்டுத்தீ வந்தால் அதற்குத் தின்ன எதுவும் கிடைக்கக் கூடாதாம். வீட்டில் எல்லோருக்கும் அவர் சின்னவர். இவருக்கு மட்டும் வெட்டுக்காரன்.

இருவர் பார்க்கும் சரிவுகளுக்கும் நடுவில் ஓர் ஓடைதான். இவர் சரிவில் ஆள் நுழைய முடியாத அடர்த்தி, கணக்கில் எப்போதும் அதுதான் முன்னால். ஆனால் பாராட்டு சின்னவருக்கு, புது ஜீப்பும் சின்னவருக்கு. "வெட்டுறவனுக்கு ஜீப்பு, சேர்த்து வைக்கிறவனுக்கு நடை" என்று இவர் பொருமுவார். தங்கை அந்த ஜீப்பிலிருந்து இறங்கி என் வாசலுக்கு வந்த அன்று எனக்கும் வயிறு எரிந்தது. பொய் சொல்வானேன்?

கோடை வருஷத்துக்கு வருஷம் நீண்டுகொண்டே போனது, மழை தள்ளிப் போனது. இவர் சரிவிலும் குட்டி மரங்களை வெட்டச் சொன்னார் அதிகாரி. இவர் ஒற்றைக் காலில் நின்றார்.

"வெட்டினா கார்பன் கணக்கு விழுந்துடும் ஐயா. இன்னொரு கோடை போகட்டும்."

கணக்கு விழுவதில் இவருக்குப் பயமில்லை. அது சின்னவர் சரிவுக்குக் கீழே விழுந்துவிடுமோ என்பதுதான் பயம். "அது காடா, உங்க பரீட்சை மார்க்கா?" என்று கேட்டேன். சோற்றுத் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்து போனார்.

அந்தச் சரிவின் நடுவில் ஒரு கிழட்டுப் பெருமரம் உண்டு. அதை அளக்க இரண்டு பேர் வேண்டும், ஒருவர் நாடாவின் முனையை மறுபக்கம் சுற்றிக் கொண்டுவந்து கொடுக்க வேண்டும். சின்னவர் பல தடவை வரவா என்று கேட்டிருக்கிறார். இவர் பட்டையில் ஆணி அடித்து, முனையை அதில் மாட்டி, தானே சுற்றி வருவார். போன வருஷம் போய்ப் பார்த்தால் அந்த மரத்தைச் சுற்றி மட்டும் குட்டி மரங்கள் இல்லை, சருகில்லை, தாழ்ந்த கிளைகளும் இல்லை. யார் ரம்பம் என்று கேட்கவா வேண்டும்? இவர் முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது. அதிகாரியிடம் புகார் போனது. தங்கை வீட்டு வாசலை மிதிக்கக் கூடாது என்று எனக்கும் உத்தரவு வந்தது.

இந்தக் கோடையில் முகட்டுக்கு அந்தப் பக்கமிருந்து தீ வந்தது. இவர் சரிவில் குட்டி மரங்களை ஏணியாகப் பிடித்துக்கொண்டு உச்சிக்கு ஏறிவிட்டது. ஓடையைத் தாண்டி சின்னவர் சரிவுக்குப் போனபோது ஏற வழியில்லாமல் தரையில் தவழ்ந்தது, ஆட்கள் அடித்து அணைத்தார்கள். இவர் வருஷக்கணக்காகக் காத்த கார்பனைத்தான் நாங்கள் வீட்டுக்குள் இழுத்து இருமிக்கொண்டிருந்தோம்.

சூடு தணிந்ததும் மறுபடி அளக்கச் சொன்னார்கள். தனியாக விட மனமில்லாமல் நானும் போனேன். சரிவு முழுக்கக் கரிக்கட்டை. நடுவில் பெருமரம் மட்டும் அடியில் கருகி, தலையில் பச்சையாக நின்றது. காய்ந்த கிளை ஏதும் தொங்குகிறதா என்று பார்க்கச் சின்னவரும் வந்திருந்தார்.

"இதையும் அவனே காப்பாத்திட்டான் பாரு" என்றார் இவர் என் காதில். மரம் பிழைத்த சந்தோஷம் அந்தக் குரலில் கொஞ்சமும் இல்லை.

ஆணியை அடித்தார். கருகிய பட்டையில் அது நிற்காமல் உதிர்ந்தது. இன்னோர் இடத்தில் அடித்தார், அதுவும் உதிர்ந்தது. நாடாவைப் பார்த்துக்கொண்டே நின்றார். நான் வேண்டுமென்றே கை கொடுக்கவில்லை.

"அந்தப் பக்கம் வா" என்றார் கடைசியில்.

சின்னவர் முனையைச் சுற்றிக் கொண்டுவந்து கொடுத்தார். இவர் அளவைப் பார்த்தார், திரும்பவும் பார்த்தார்.

"எவ்வளவுண்ணே?"

"கூடியிருக்கு. எந்த வருஷமும் இவ்வளவு பெருத்ததில்ல." ஒவ்வொரு சொல்லும் கசப்பு மருந்து விழுங்குவதுபோல வந்தது. "பக்கத்துல போட்டிக்கு ஆளில்லாம தண்ணியெல்லாம் இதுவே குடிச்சிருக்கு."

சின்னவர் அண்ணாந்து கிளைகளைப் பார்த்தார்.

"இது ஒண்ணை மட்டும் ஏன் செஞ்சே?" என்றார் இவர்.

"முழுச் சரிவையும் செய்ய நீங்க விடலையேண்ணே."